மலையைக் கடப்பதும் மலையில் ஏறுவதும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் மேல் மண் சரிந்து நீலகிரி மலை ரயில் நின்றுபோவது எங்கள் ஊரில் பழகிப்போன செய்தி. பாறையும் மரமும் சேறுமாகக் கிடப்பதை அள்ளி அப்புறப்படுத்திப் பாதையைச் சீர்செய்யச் சில நாட்கள் ஆகும். மழை கடுமையாகப் பெய்த ஆண்டுகளில் பல வாரங்களும் ஆகும். அந்த நாட்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "காஷ்மீரில் பனிமலையையே குடைந்து ரயில் விட்டாகிவிட்டது. இங்கே மேட்டுப்பாளையத்திலிருந்து நேராக ஒரு பெரிய சுரங்கம் போட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?" சமவெளியிலிருந்து வரும் உறவினர்களும் கேட்கிறார்கள், இங்கேயே பிறந்து பொறியியல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். அதற்கு ஒரு வரியில் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போவது கேட்டவரை அவமதிப்பதாகும் என்பதால், நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டு சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏற்றத்தின் கணக்கு. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதை முடியும் உதகை 2,203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற வேண்டிய உயரம் 1,877 மீட்டர். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுக்காமல் பெரும் சுமையை இழுத்துச் செல்ல வேண்டுமானால் பாதை மிகவும் சாய்வாக இருக்கக் கூடாது. 80 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் ஏற்றம் என்பதே அகலப்பாதை ரயிலுக்குக் கணிசமான ஏற்றம். அந்த விகிதத்தில் உதகையை எட்ட ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை வேண்டும். சாய்வை இரண்டு மடங்காக்கி, 40 மீட்டருக்கு 1 மீட்டர் என்று வைத்தாலும் 75 கிலோமீட்டர் ஆகிறது. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் நேர்கோட்டுத் தொலைவோ 30 கிலோமீட்டர்கூட இல்லை. எனவே "நேராக" ஒரு சுரங்கம் என்பதற்கே இடமில்லை. மலைக்குள்ளேயே வளைய வளையச் சுற்றிக்கொண்டுதான் மேலே வர முடியும்.

சாய்வே இல்லாமல் சமமட்டமாகக் குடைந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தின் மட்டத்தில் மலைக்குள் நுழையும் ரயில், குன்னூர் கடைவீதிக்கு அடியில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் ஓடும். மேலே தேயிலை பறிப்பவர்களுக்கும் உள்ளே போகும் பயணிகளுக்கும் எந்தத் தொடர்பும் இராது. சற்றே ஏறி, வடக்கே மசினகுடிப் பக்கம் வெளியே வருவதாக வைத்துக்கொண்டால், சுரங்கத்தின் நீளம் 40 கிலோமீட்டரைத் தாண்டும். கோவையிலிருந்து மைசூருக்குப் போகிறவர்களுக்கு அது வசதியாக இருக்கும். நீலகிரியில் இருப்பவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. உலகின் நீண்ட ரயில் சுரங்கங்கள் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியவர்களுக்காகத் தோண்டப்பட்டவை என்பதை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. மலையைக் கடப்பது ஒரு வேலை, மலையில் ஏறுவது வேறொரு வேலை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். அவர்கள் ஒரே காலகட்டத்தில் இரண்டு வேலையையும் செய்தார்கள். 1871இல் ரிகி மலைமேல் ஏற, நிக்லாவுஸ் ரிக்கன்பாக் பல்சக்கர ரயில்பாதை அமைத்தார். அடுத்த ஆண்டே, ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கடந்து இத்தாலிக்குப் போக, கோத்தார்டு மலையின் அடியில் 15 கிலோமீட்டர் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். நீலகிரிக்கு ரயில் கொண்டுவர 1854இலேயே யோசனை எழுந்தும் நெடுங்காலம் எதுவும் நடக்கவில்லை. 1880களில் இங்கே உருவான நிறுவனம் ரிகி மலையின் பெயரையே தன் பெயரில் வைத்துக்கொண்டது. ரிக்கன்பாக்கிடம் வேலை கற்ற ரோமன் ஆப்ட் என்பவர் செம்மைப்படுத்திய பல்தண்டவாள முறைதான் கடைசியில் இங்கே வந்தது. 1891இல் வேலை தொடங்கியது. தொடங்கிய நிறுவனம் நொடித்துப்போய், வேறொரு நிறுவனம் கையிலெடுத்து, 1899இல் குன்னூர்வரை ரயில் ஓடியது. 1908இல் உதகையை எட்டியது.

குன்னூர் நிலையத்தில் நீராவி எஞ்சின் நிற்கும்போது தண்டவாளங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் அந்தப் பல்தண்டவாளம் தெரியும். இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கத்தில் பக்கமாக ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. பற்கள் மாறி மாறி அமைந்திருப்பதால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் முழுப்பிடியில் இருக்கிறது. அதனால்தான் 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற, சாதாரண ரயில் கனவிலும் காணாத ஏற்றத்தில் இது ஏற முடிகிறது. எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன் நின்றுகொண்டு கைப்பிடியைச் சுழற்றுகிறார். 46 கிலோமீட்டர் பாதையில் 16 சுரங்கங்கள் உண்டு. எல்லாம் சிறியவை, பெட்டிக்குள் இருக்கும் பிள்ளைகள் கத்தி முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும். மலை குறுக்கே மூக்கை நீட்டிய இடங்களில் மட்டும் துளைத்துவிட்டு, மற்ற இடங்களிலெல்லாம் மலையின் மேனியை ஒட்டியே பாதையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். 208 வளைவுகளும் 250 பாலங்களும் வந்தது அப்படித்தான்.

கோத்தார்டின் கதை வேறு. மலைக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் தோண்டத் தொடங்கி நடுவில் சந்திக்க வேண்டும். இரண்டு பக்கத்துத் தொழிலாளர்களுக்கும் நடுவே பனி மூடிய சிகரங்கள். அந்தச் சிகரங்களின் மேல் அளவைக் குறிகளை நட்டு, முக்கோண அளவை முறையில் கோணங்களைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை மட்டுமே நம்பி இருட்டுக்குள் போனார்கள். 1880 பிப்ரவரியில் இரண்டு முனைகளும் சந்தித்தபோது பக்கவாட்டில் 33 செண்டிமீட்டரும் உயரத்தில் 5 செண்டிமீட்டரும்தான் வித்தியாசம் இருந்தது. ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர் அதைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டு ஜூலையில் சுரங்கத்துக்குள்ளேயே சரிந்து இறந்துபோனார். அவரோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். பாறை விழுந்தும் வெடிவிபத்திலும் ஏறத்தாழ 200 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. கூலியும் காற்றோட்டமும் சரியில்லை என்று 1875இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

அங்கே இன்னொரு நோயும் பரவியது. உள்ளே வேலை செய்தவர்கள் வெளிறிப்போய், மூச்சு வாங்கி, நடக்கத் திராணியற்றுப் போனார்கள். வெடிமருந்துப் புகைதான் காரணம் என்று முதலில் எண்ணினார்கள். இத்தாலிய மருத்துவ ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது குடலில் கொக்கிப்புழு இருந்தது. கழிப்பிட வசதி எதுவும் இல்லாத, சூடும் ஈரமும் நிறைந்த சுரங்கத் தரையில் அந்தப் புழு செழித்து, கால் வழியாக உடம்புக்குள் போயிருக்கிறது. தேயிலைத் தோட்டங்களின் பழைய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தப் புழு அந்நியமானதல்ல. ஒரு சுரங்கம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன்பு, அதைத் தோண்டியவர்களுக்கு உள்ளே கழிப்பறை இருந்ததா என்று கேட்கத் தோன்றுவது எனக்கு இதைப் படித்த பிறகுதான்.

நீலகிரியில் நீண்ட சுரங்கங்களே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1950களின் பிற்பகுதியில், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு குந்தா மின்திட்டம் எழுந்தபோது இந்த மலைகளுக்குள் கிலோமீட்டர் கணக்கில் குடைந்தார்கள். அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்கும் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று மின்நிலையம் மின்நிலையமாகக் கீழே இறங்குவதற்கான வழிகளில் மலைக்குள் ஓடும் சுரங்கங்களும் உண்டு. என் தாத்தா அங்கே வேட்டுக்காரருக்கு உதவியாளாகச் சேர்ந்தவர். சுரங்கம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அது எப்போதும் "டனல்".

அவர் சொன்ன வேலைமுறை, அடிப்படையில், இன்றைக்கும் வெடிவைத்துத் தோண்டும் எல்லாச் சுரங்கங்களிலும் உள்ளதுதான். பாறை முகத்தில் முதலில் துளைகள் போடுவார்கள். எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் வெடித்தால் பாறைக்கு நகர இடம் இருக்காது; ஆகவே நடுவிலுள்ள துளைகள் முதலில் வெடித்து ஒரு குழியை உண்டாக்கும், அடுத்த கணத்தில் சுற்றியுள்ளவை வெடித்து அந்தக் குழிக்குள் சரியும், ஓரத்துத் துளைகள் கடைசியில் வெடித்துச் சுவரைச் செதுக்கிவிடும். புகை கலையும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. போகும் முதல் ஆளின் கையில் நீளமான கடப்பாரை இருக்கும். அவர் கூரையைத் தட்டிக்கொண்டே போவார். பாறை திடமாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்து, விழுவதற்குக் காத்திருக்கும் பாறையானால் சத்தம் மழுங்கி, வெறும் தகரத்தைத் தட்டினாற்போல இருக்கும். அதை அங்கேயே நெம்பிக் கீழே தள்ளிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். அதன் பிறகே இடிபாடுகளை அள்ளுவதும், அடுத்த வரிசைத் துளைகளுக்கு அளவெடுப்பதும். இவ்வளவும் செய்து முடித்தால் சுரங்கம் இரண்டு மூன்று மீட்டர் நீண்டிருக்கும்.

சிறுவயதில் நான் அவரிடம், "பாறை மேல விழுந்துடும்னு பயமா இல்லையா தாத்தா?" என்று கேட்டதுண்டு. "பாறை கேட்டா பதில் சொல்லும் கண்ணு. மண்ணுதான் சொல்லாமக் கொள்ளாம வரும்" என்றார்.

புவியியல் நூல்கள் சொல்வதும் இதையே. நீலகிரியின் உடல் சார்னோகைட் என்னும் மிகப் பழமையான, மிகக் கடினமான பாறை. அதைத் துளைப்பது மெதுவான வேலையானாலும், துளைத்த பின் பெரும்பாலும் தன்னைத்தானே தாங்கிக்கொண்டு நிற்கும். அதன் மேல் போர்த்தியிருக்கும் செம்மண்ணோ, பாறையே காலங்காலமாக மழையில் மட்கி உருவானது. சில இடங்களில் பல மீட்டர் ஆழம் வரை இருக்கும். தண்ணீர் ஏறியதும் கனத்து, பிடிமானம் இழந்து, மொத்தமாக வழுகிவிடும். 1993இல் மரப்பாலம் என்னும் இடத்தில் நடந்தது அதுதான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மலையெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் நடந்ததும் அதுதான். 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ரயில்பாதையும் பல இடங்களில் அறுந்தது.

கடினமான பாறையைவிடத் தளர்ந்த மண் எவ்வளவு கொடியது என்பதற்குக் கொங்கண் ரயில்பாதையைவிடச் சிறந்த சான்று நம் நாட்டில் இல்லை. அங்கே ரத்தினகிரிக்கு அருகில் கர்புடே சுரங்கம் 6.5 கிலோமீட்டர் நீளம். பாறைக்குள் அதைத் தோண்டி முடித்தார்கள். கோவாவின் பெர்னெம் சுரங்கம் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவே. ஆனால் களிமண்ணும் நீரும் கலந்த மலை. தோண்டத் தோண்ட மேலிருந்து வழிந்து மூடிக்கொண்டே இருந்தது. பல தொழிலாளர்களின் உயிரையும் ஆறு ஆண்டுகளையும் அது வாங்கிக்கொண்டது. 1998 ஜனவரியில் முழுப்பாதையும் திறக்கப்படுவதற்குக் கடைசித் தடையாக நின்றது அந்தச் சின்னஞ்சிறு சுரங்கம்தான். 2020 மழைக்காலத்திலும் அதன் உட்சுவர் சரிந்து ரயில்கள் நின்றன.

இமயமலையில் பாறையே மண்ணைப் போல நடந்துகொள்ளும் இடங்கள் உண்டு. நீலகிரிப் பாறை இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை கொண்டது. இமயம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளைய மலை. நொறுங்கியும் மடிந்தும் கிடக்கும் அதன் அடுக்குகளைக் குடையும்போது, வெட்டிய வெற்றிடம் சில நாட்களிலேயே இறுகி ஒடுங்கத் தொடங்கிவிடும். பனிஹாலுக்கும் காஸிகுண்டுக்கும் இடையே பீர் பஞ்சால் மலைத்தொடரைத் துளைத்து, 11.2 கிலோமீட்டர் சுரங்கம் 2013 ஜூனில் திறக்கப்பட்டது. அங்கே கையாண்ட முறையில், வெட்டிய உடனே சுவரில் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்து, நீண்ட இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் செலுத்தி இறுக்கி, சுவர் எவ்வளவு அசைகிறது என்பதை நாள்தோறும் அளப்பார்கள். அசைவு அடங்கினால் போதும். அடங்காவிட்டால் மேலும் கம்பிகள். சுற்றியுள்ள மலையையே ஒரு வளையமாக்கி, தன் பாரத்தைத் தானே தாங்கும்படி செய்வதுதான் அதன் நோக்கம். அதே பாதையில் பின்னர் முடிந்த டி-50 சுரங்கம் 12.77 கிலோமீட்டர், அதன் பக்கத்திலேயே, ஆபத்துக் காலத்தில் மக்கள் தப்பிச் செல்ல, இணையாக இன்னொரு சுரங்கம் இருக்கிறது. காட்ராவுக்கு அருகே டி-1 என்ற சுரங்கம் 3 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. ஆனால் மண்ணோடு சேர்ந்து பொங்கிய நீரால் அதுதான் பெரும்பாடு படுத்தியது. 2025 ஜூனில்தான் அந்தப் பாதை முழுமையாகத் திறந்தது. உத்தராகண்டில் ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் பாதையில் 14.57 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தை இயந்திரத்தால் துளைத்து, 2025 ஏப்ரலில் மறுமுனையை எட்டியிருக்கிறார்கள்.

காஷ்மீருக்கு அந்தப் பீர் பஞ்சால் சுரங்கம் தேவைப்பட்டது. மலைக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க மக்கள் வாழ்கிறார்கள். பனி விழுந்தால் சாலை அடைபடும். ஆப்பிள் லாரியிலேயே அழுகும். பனிஹாலுக்கும் காஸிகுண்டுக்கும் இடையே 35 கிலோமீட்டர் சாலைப் பயணம் பாதியாகக் குறைந்தது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நம் மலைக்கு அப்படிப்பட்ட "அப்பால்" இல்லை என்பதுதான் என் வாதம்.

சுரங்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவர்கள் மேலே குடியிருப்பவர்கள். மலைக்குள் ஒரு துளை போட்டால், பாறை வெடிப்புகளில் தேங்கியிருக்கும் நீர் அந்தத் துளையை நோக்கி இறங்கும். தென் சுவீடனில் ஹாலந்துசோஸ் என்ற குன்றின் அடியில் 8.7 கிலோமீட்டர் ரயில் சுரங்கத்தை 1992இல் தொடங்கினார்கள். நீர் பெருகி வந்தது. மேலே விவசாயிகளின் கிணறுகள் வற்றின. கசிவை அடைக்க ஒரு வேதிப் பசையைச் செலுத்தினார்கள். அதிலிருந்த நஞ்சு ஓடையில் கலந்து, 1997இல் மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன, மீன்கள் செத்து மிதந்தன, தொழிலாளர்களின் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. வேலை ஆண்டுக்கணக்கில் நின்று, சுரங்கம் திறக்கப்பட்டது 2015இல். நீலகிரியில் படுகர் ஊர்களான ஹட்டிகள் எத்தனையும் தோட்டக் குடியிருப்புகள் எத்தனையும் ஊற்றுத் தண்ணீரை நம்பி இருக்கின்றன என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சோலைக்காடும் புல்வெளியும் சதுப்பும் மழையைக் குடித்து, கோடையில் சிறிது சிறிதாக விடும் நீர் அது. அதன் அடிமட்டத்தில் ஒரு வடிகாலைத் திறந்துவிட்டு, மேலே ஊற்று நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க என் மனம் ஒப்பவில்லை.

சுரங்கத்தின் நடுப்பகுதி கடினப் பாறையில் பாதுகாப்பாக இருந்தாலும், அதன் இரண்டு வாய்களும் சரிவின் செம்மண்ணில்தான் அமைந்தாக வேண்டும். இப்போது தண்டவாளத்தை மூடும் அதே மண், அப்போது வாயை மூடும். ரயில் நிற்கும் இடம் மாறுமே தவிர நிற்பது மாறாது.

ஆகவே எனக்குத் தோன்றும் பரிகாரம் சிறியது, செலவு குறைந்தது, புகைப்படத்துக்கு அழகாக இராதது. பாதைக்கு மேலே சரிவில் ஓடும் மழைநீரை வளைத்து ஓடைக்குத் திருப்பும் தடுப்பு வாய்க்கால்கள் தூர்ந்து கிடக்கும் இடங்களில் அவற்றைத் தூர்வார வேண்டும். பாலங்களின் அடியிலும் மதகுகளிலும் அடைத்திருக்கும் சருகையும் பாலித்தீனையும் புரட்டாசிக்குள் அகற்றியாக வேண்டும். தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்குவதில்தான் சரிவு தொடங்குகிறது. பாதைக்கு மேலுள்ள சரிவுகளில் புதிதாக மண் வெட்டிக் கட்டடம் எழுப்புவதை நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழை நாட்களில் குடையும் டார்ச்சும் சுத்தியலுமாக ஹில்குரோவ், ரன்னிமேடு பக்கம் தண்டவாளத்தின் வழியே நடந்து, புதிதாக விழுந்த விரிசலையும் சாய்ந்த மரத்தையும் முதலில் பார்த்துச் சொல்லும் பாதைப் பணியாளர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அவர்களுக்கு நல்ல மழைக்கோட்டும், காட்டு யானை நடமாடும் அந்தப் பாதையில் துணைக்கு ஓர் ஆளும், ஒதுங்குவதற்கு ஒழுகாத கொட்டகையும், இரவிலும் வேலை செய்யும் வாக்கிடாக்கியும் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே இவற்றைச் செய்து முடிக்கலாம்.